ஒரே மரத்தில் இரண்டு பூச்சி

என் நாத்தனார் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் வடித்துக் கொடுக்கிற லேபில் வேலை. தெருவில் அவருக்குப் ‘பல்லக்கா’ என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை, எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ‘ஐயோ பாவம்’ என்று பார்ப்பார்கள். பாவம் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்த லேபில் அக்காவுக்கு ஜன்னலோர மேஜை. காரணம், அவருடையது கலர் வேலை. பீங்கானில் வடித்த பல் முதலில் வெறும் சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். அதில் இரண்டு மூன்று முடி மட்டும் உள்ள தூரிகையால் சாயம் தீட்டி, சூளையில் வைத்து எடுத்து, மறுபடி தீட்டி, மறுபடி சூளையில் வைத்து, அந்த ஆளின் மற்ற பற்களோடு சேர்ந்து நிற்கும்படி செய்ய வேண்டும். இதற்காக மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தில் ஒரு குட்டி லென்ஸ் மாட்டிக்கொள்வார். வாட்ச் ரிப்பேர் பண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. மனிதப் பல்லை வெள்ளை என்று சொல்கிறவர்கள் பல்லையே பார்க்காதவர்கள் என்பது அவருடைய கட்சி. கீழே மஞ்சள், நடுவில் சந்தனம், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு சாம்பல். இதையெல்லாம் சாப்பிடும்போது என் வாயைப் பார்த்தபடி சொல்லுவார். எனக்குச் சோறு இறங்காது.

அவர் கைவேலை என் வாயிலும் இருக்கிறது. போன வருஷம் ஈரத்தரையில் வழுக்கி முன்பல் ஒன்றை உடைத்துக்கொண்டேன். உடைந்த பல்லின் மேல் மாட்டுகிற கேப்பை அக்காதான் செய்தார். போட்டுக்கொண்டு வந்து கண்ணாடியில் பார்த்தால், மற்றதெல்லாம் பல்லாக இருக்கிறது, அது மட்டும் குளியலறை டைல்ஸ் மாதிரி பளீரென்று நிற்கிறது.

“அக்கா, கொஞ்சம் வெளுப்பா இல்ல?” என்றேன்.

லென்ஸை மாட்டிக்கொண்டு என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். “கச்சிதமா இருக்கு. புதுப் பல்லு, உனக்குப் பழகல.”

அதோடு விசாரணை முடிந்தது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அன்றிலிருந்து உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினேன். நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், ‘இந்தம்மாவுக்கு என்ன இவ்வளவு திமிர்’ என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருப்பார்கள்.

அப்புறம்தான் லேபுக்குப் பல் திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் ஒரு டாக்டர் ஒரு கேப்பைத் திருப்பி அனுப்பினார், ரொம்ப வெளுப்பாம். பிறகு இன்னொருவர். லேப் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் தொழில் என்று வந்துவிட்டதே.

“அக்கா, இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா கலர் வேலையை வேற ஆளுகிட்ட குடுத்துடறேன். நீங்க கொஞ்ச நாள் பாலிஷ் பாருங்க” என்றிருக்கிறார்.

பாலிஷ் என்பது பின்கட்டில், தூசி பறக்கும் மெஷின் முன்னால், வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்கள் நிற்கும் இடம். அன்று வீட்டுக்கு வந்து அக்கா தட்டில் கை வைக்கவில்லை.

“எனக்குக் கண்ணு சரியில்லையாம். எனக்கு!”

“ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டா என்னக்கா? போறது ஒரு நடை” என்றார் என் வீட்டுக்காரர், தம்பிக்குரிய உரிமையோடு.

“போடா. அங்க போய் உட்கார்ந்தாலே, ஆமா என் கண்ணு போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி.”

அந்தக் கண்தான் அவருடைய சொத்து. வேறு என்ன இருக்கிறது அவருக்கு? அதைச் சந்தேகப்பட்டால் ஆளையே சந்தேகப்பட்ட மாதிரி. எனக்கு உள்ளூரப் பாவமாகத்தான் இருந்தது. வெளியே காட்டினால் அதற்கும் கோபித்துக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் அந்துப்பூச்சி வந்து சேர்ந்தது.

லேபின் பின்னால் ஒரு சிறிய காடு இருக்கிறது. பழைய மரங்கள், கம்பி வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மதியச் சாப்பாட்டு டப்பாவோடு அக்கா அங்கேதான் போய் உட்காருவார். ஒருநாள் அவருடைய மேஜையில் இருந்த பிளாஸ்டர் தாடையின் மேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்ததாம். இரண்டு அரிசியைச் சேர்த்து வைத்த நீளம். இறக்கையில் அலை அலையாக ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி. அக்கா தன் பல் நிற மாதிரிகள் கோத்த பட்டையை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார், எந்த ஷேடு என்று. அன்று பிடித்தது பைத்தியம். அந்துப்பூச்சிகளைப் பற்றி எங்கெங்கோ தேடிப் படித்தார். கடைசியில் மியூசியத்தில் பூச்சிப் பிரிவில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரைப் பிடித்துவிட்டார்.

மியூசியத்துக்காரர் சொன்னது இது. இந்தக் கோடும் புள்ளியும் உள்ள பூச்சி இரண்டு ஜாதி. ஒன்று சாம்பல் நிறம். நிழலான, ஈரமான காட்டில், மரப்பட்டை மேல் வெளிறிய பச்சையில் படர்ந்திருக்குமே ஒரு பாசி, அதைத் தின்று வாழும். இன்னொன்று பழுப்பு. அது வறண்ட காட்டில் காய்ந்த சருகுக்கு அடியில் வாழும். இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும், நிறமும் இடமும்தான் வித்தியாசம். ஒன்று இருக்கிற இடத்தில் மற்றது இருக்காது.

“ஆனா எங்க காட்டுல ரெண்டும் இருக்கு சார்” என்றார் அக்கா.

எப்படி என்று கேட்டால், அதுதான் எங்கள் எல்லோருக்கும் தலையும் வாலும் புரியாத விஷயம். காட்டில் மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் பூச்சி சாம்பல். அதையே டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்து மாடியறையில் லென்ஸ் போட்டுப் பார்த்தால் பழுப்பு. மறுபடி போனார். சாம்பலைப் பார்த்தார், பிடித்தார், வந்தார், பழுப்பு. டப்பாவை எங்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் இல்லை.

“அது எப்படிக்கா? சாம்பலைப் பிடிக்கப் போறீங்க, பழுப்பு வந்து டப்பாவுல உட்காருது. டப்பாவுக்குள்ள என்ன கண்கட்டு வித்தையா?”

“ஏம்மா, யோசிச்சுப் பேசு. மரத்துல ரெண்டு ஜாதியும் கலந்து இருக்கு. சாம்பல் சுறுசுறுப்பு, கை வச்சா பறந்துடுது. பழுப்பு மந்தம். அதான் கையில சிக்கறது எல்லாம் பழுப்பு.”

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. மாடிப்படி இறங்கி வருவதற்குள் சரியாக இல்லாமல் போய்விட்டது. எனக்கும் ஒரு யோசனை இருந்தது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் துணியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த்தான் நிறம் பார்ப்பார்கள். உள்ளே நீலம், வெளியே பச்சை. எல்லாம் லைட்டு செய்கிற வேலை என்றேன். அக்கா மாடியறை பல்பை மாற்றிப் பார்த்தார். பழுப்புதான். செத்த பிறகு நிறம் மாறுமோ என்றார் என் வீட்டுக்காரர். உயிரோடு வைத்துப் பார்த்தார். பழுப்புதான். மியூசியத்துக்காரருக்குப் போட்டோ அனுப்பினார். போட்டோவில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது, ஆனால் செல்போன் நிறத்தை நம்ப முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு இதில் வேடிக்கை பார்க்கிற ஆசை மட்டும்தான். அக்காவுக்கு அப்படி இல்லை. ஒருநாள் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

“யாருமே பார்க்காததை நான் பார்த்திருக்கேன். ரெண்டு ஜாதி, ஒரே மரம். அந்த மியூசியம் சார் வந்து, ‘ஆமா, இந்தம்மா சொன்னது சரிதான்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் என் கண்ணைப் பத்தி எவன் வாயைத் திறக்கறான்னு பார்க்கறேன்.”

முதலாளி வேலையை வைத்துப் பயமுறுத்துகிறார், இவர் பூச்சியை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

மியூசியத்துக்காரர் ஒரு வழி சொன்னார். புழுவைப் பிடித்து வளர்த்துப் பாருங்கள், பூச்சி வெளியே வந்ததும் நானே வந்து பார்க்கிறேன் என்றார். அக்கா விடுமுறை நாளெல்லாம் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காட்டில் கிடந்தார். பழுப்புக்காகச் சருகைக் கிளறினார், மண்புழு வந்தது, மரவட்டை வந்தது, வர வேண்டியது வரவில்லை. மரப்பட்டைப் பாசியில் மட்டும் மூன்று புழுக்கள் கிடைத்தன. மேலெல்லாம் பாசித்துணுக்கை ஒட்டிக்கொண்டு, அசைந்தால்தான் புழு என்று தெரியும். அவற்றைப் பாசியோடு ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி, எங்கள் சமையலறை ஜன்னலில் வைத்தார். மாடியறையில் வெயில் அதிகமாம். காலையும் மாலையும் பாசிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை எனக்கு. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பயந்து பயந்து நான் செய்ததில்லை.

புழுக்கள் கூடு கட்டி உள்ளே போயின. பாட்டில் பல நாள் சும்மா இருந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன், துணியின் உள்பக்கத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. இறக்கை இன்னும் முழுதாக விரியவில்லை.

“அக்கா! வந்துடுச்சு! சாம்பல்!”

மாடிப்படியில் அவர் அப்படி இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. பாட்டிலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “சாம்பல்தான். பாசி தின்னது சாம்பலாத்தானே வரணும்” என்றபடியே மியூசியத்துக்காரருக்குப் போன் போட்டார். மதியம் வருகிறேன் என்றார் அவர். பிறகு அக்கா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லென்ஸை மாட்டிக்கொண்டு, பாட்டிலிடம் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

“என்னக்கா?”

“பழுப்பு.”

“என்னது?”

“பழுப்பா இருக்கு. டீத்தூள் கறை மாதிரி. பாசியைத் தின்னு வளர்ந்தது எப்படிப் பழுப்பாகும்?”

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு வந்து பார்த்தார். சாம்பல் என்றார். அக்கா லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சாம்பல். மாட்டிக்கொண்டு பார்த்தார். பழுப்பு. லென்ஸ் கண்ணாடிதான் வயசாகி மஞ்சளித்துவிட்டது என்று முடிவு கட்டி, சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி பழுப்பு. கோபத்தோடு அதை என் கையில் கொடுத்தார்.

“நீ பாரு.”

நான் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தேன். உயிருள்ள பூச்சியை இவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி ரோமம், அலைக்கோடு, புள்ளி. எல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம். துளிப் பழுப்பு இல்லை.

“சாம்பல்தான்க்கா” என்றேன்.

“நல்லாப் பாரு.”

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் பார்க்கறேன். சாம்பல்.”

லென்ஸை என்னிடமிருந்து வாங்கினார். வலது பக்கத்தில் மாட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார். பிறகு இடது பக்கத்தில் மாட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அதை இடது பக்கம் மாட்டி நான் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடி அந்தப் பக்கமாகச் சாய்ந்து கொண்டது. குனிந்தார். வலப்பக்கம் மாற்றினார். குனிந்தார். மறுபடி இடப்பக்கம்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“வாயைத் திற.”

“எதுக்குக்கா?”

“திறன்னா திற.”

திறந்தேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் என் முன்பல்லைப் பார்த்தார். பிறகு இடதை மூடிக்கொண்டு வலதால் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்று சொல்வார்களே, அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, வாய் திறந்திருந்ததால் பேச முடியவில்லை.

லென்ஸ் இல்லாதபோது இடது கண்ணும் சேர்ந்து பார்த்து ஈடுகட்டியிருக்கிறது. லென்ஸ் மாட்டிய வலது கண்ணுக்கு எல்லாமே மஞ்சளித்துத் தெரிந்திருக்கிறது. சாம்பல் பூச்சி பழுப்பாக. வெள்ளைப் பல் சந்தனமாக; இரண்டுக்கும் வித்தியாசமே அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. போதுமான மஞ்சள் ஏறிவிட்டது என்று நினைத்துத் தூரிகையைக் கீழே வைத்திருக்கிறார், பல் வெளுப்பாகவே சூளைக்குப் போயிருக்கிறது.

“இதைப் போட்டுக்கிட்டா ஒரு வருஷமா திரியறே?” என்றார். குரல் கீழே இறங்கிவிட்டது.

“நான் அன்னிக்கே சொன்னேனே அக்கா.”

“சொன்னே. நான் கேட்கல.”

அவர் எதையும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. சண்டை போட்டால் எனக்குப் பதில் தெரியும், இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. ஒரு கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை, தட்டை, என் வீட்டுக்காரரின் சட்டையை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இரண்டு கண்ணிலிருந்தும்தான்.

“அப்போ அந்தப் பழுப்புப் பூச்சி?” என்று கேட்டுத் தொலைத்தார் என் வீட்டுக்காரர்.

“இல்லடா. அப்படி ஒண்ணு இங்க இல்லவே இல்ல.”

வாழ்ந்து செத்த ஒன்றைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். மாதக்கணக்காக மழையில் நனைந்து தேடியவர் ஆயிற்றே.

மியூசியத்துக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், வரட்டும் என்றார். மதியம் அவர் பையும் குடையுமாக வந்து நின்றபோது, அக்காவே வாசலுக்குப் போனார்.

“ஒரே ஜாதிதான் சார். சாம்பல். ரெண்டாவது என் கண்ணுக்குள்ள இருந்துது.”

மனிதர் குழம்பிவிட்டார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்போ… நான் திரும்பிப் போயிடட்டுமா?”

“வந்தது வந்துட்டீங்க. மரத்தையாவது பார்த்துட்டுப் போங்க.”

வேலி ஓட்டை வழியாக அவரைக் குனிய வைத்து அழைத்துப் போனார். பின்னாலேயே நானும் போனேன். பாசி படர்ந்த பெரிய மரத்தின் எதிரில் நின்றதும் அக்கா வலது கண்ணை மூடிக்கொண்டு, பட்டை மேல் ஒவ்வொரு விரற்கடையாகத் தேடினார். நான்கைந்து பூச்சிகளைக் காட்டினார். எல்லாம் சாம்பல். ஊருக்கு இவ்வளவு பக்கத்தில், இத்தனை வீடுகளுக்கு நடுவில் இது வாழ்கிறது என்பதே தனக்குப் புதுச் செய்தி என்று மியூசியத்துக்காரர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அக்கா தலையாட்டினார். அவருக்கு வேண்டியிருந்த பாராட்டு அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் லேபுக்குப் போனதும் முதலாளியிடம் தானே போய் நின்றிருக்கிறார். “என்னை கலர் வேலையிலேர்ந்து எடுத்துடுங்க” என்று. அதற்கடுத்த நாள் கண் டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தவர், “புரை நல்லா முத்திருக்கே, இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?” என்று கேட்டார்.

“பூச்சி பிடிச்சேன்” என்றார் அக்கா.

வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் மாடியறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரு என் ரூமுக்கு பெயின்ட் அடிச்சது?”

யாரும் அடிக்கவில்லை, கண்ணிலிருந்த மஞ்சள்தான் போயிருந்தது. டம்ளரில் பாலைப் பார்த்து, நீலமாக இருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா என்றார். டப்பாவில் இருந்த பூச்சியைப் பார்த்தார். அது இப்போது சாம்பல்கூட இல்லையாம், புறா கழுத்து மாதிரி லேசான நீலமாம். இடது கண்ணால் பார்த்தால் அதுவே மங்கிய பழுப்பாம்.

“இதுவரைக்கும் நல்ல கண்ணுன்னு நம்பினதும் பொய்யா? இப்போ எந்தக் கண்ணை நம்பறது?”

எனக்கென்ன தெரியும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். கண் டாக்டர் இடது கண்ணிலும் புரை ஆரம்பம்தான், அதையும் செய்துவிடலாம் என்றார். நடுவில் பல வாரம் அக்கா பின்கட்டில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பாலிஷ் மெஷின் முன்னால் நின்றார். வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. சாப்பாட்டில் என் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை. திட்டு வாங்காமல் சாப்பிடுவது எனக்குச் சரியாகவே இல்லை. விடுமுறை நாளில் காட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. போனால் இன்னும் சருகைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். இல்லை என்று யார் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று கேட்கிறார்.

இடது கண்ணும் ஆனது. முதலாளி ஒரு பல் செய்து காட்டச் சொன்னார், அது சரியாக வந்தால் பழைய மேஜை. யாருடைய பல் என்று அவர் கேட்பதற்கு முன்னால் அக்கா என்னைக் கையைப் பிடித்து லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜன்னலோரம் உட்கார வைத்து, நிறப் பட்டையை என் வாயருகே பிடித்து, தீட்டி, சூளையில் வைத்து, எடுத்து, பிடிக்காமல் அழித்து, மறுபடி தீட்டினார். முதலாளி எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பல் டாக்டரிடம் போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொண்டு, நேரே லேபுக்கே திரும்பி வந்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் முதலாளி என் வாயைப் பார்த்தார். எது கேப் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் பார்த்தார், பக்கத்துப் பல்லைக் காட்டினார்.

“நாளைக்கு இந்த மேஜைக்கு வந்துடுங்க அக்கா” என்றார்.

அக்கா என் எதிரில் வந்து நின்றார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் ஒரு தடவை, இரண்டையும் மாற்றி மாற்றி.

“ரெண்டு கண்ணுக்கும் ஒரே பல்லுதான் தெரியுது” என்றார். “இப்போ சிரிடி.”

வாயைத் திறந்தே சிரித்தேன்.